ஒகேனக்கல் மோட்டார்கள் எந்த நேரத்தில் ஓட வேண்டும்?

ஒகேனக்கல்லில் காவிரி பாறையிலிருந்து விழுவதைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். அதே காவிரி அங்கிருந்து மலையேறுவது யார் கண்ணிலும் படுவதில்லை. பரிசல் துறையிலிருந்து பென்னாகரம் நோக்கித் திரும்பும் சாலையின் பின்னணியில், குழாய்க்குள் அடங்கிய ஓர் ஆறு இரவும் பகலும் மேலேறிக்கொண்டிருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்கள் பழுப்பேறிய பிள்ளைகளையும் நடுவயதிலேயே மூட்டும் முதுகும் இறுகிப்போன பெரியவர்களையும் இந்த ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கின்றன. அந்தத் துயரத்துக்கு விடையாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பானியக் கடனுதவியுடன், சுமார் ரூ.1,928 கோடியில், 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றிய இத்திட்டம் நாளொன்றுக்கு 12 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் தருவதற்கென அமைக்கப்பட்டது. ஒகேனக்கல்லில் ஆற்று மட்டத்தைவிடத் தருமபுரி நகரம் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூரோ 600 மீட்டருக்கும் மேல். இத்தனை உயரத்தையும் தண்ணீர் மின்சாரத்தின் தோளில்தான் ஏறுகிறது.

இதே காவிரியில் ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகத்தின் சிவசமுத்திரத்தில், 1902-லேயே நீர்மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கம்பியில் அனுப்பினார்கள். கீழே மேட்டூரில் அணையடி மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் இயங்குகின்றன. இடையில் உள்ள ஒகேனக்கல்லிலும் நீர்மின் நிலையம் கட்டும் யோசனை பல காலம் பேசப்பட்டது. இரு மாநிலங்களுக்கு இடையே உடன்பாடு வராமல் அது ஏட்டிலேயே நின்றுவிட்டது. ஆக, மின்சாரக் கணக்கில் ஒகேனக்கல் இன்று கொடுக்கும் இடமாக இல்லை, வாங்கும் இடமாகவே இருக்கிறது. ஆனால், வாங்குகிறவர் எந்த நேரத்தில் வாங்குவது என்று தேர்ந்துகொண்டால், ஒரு மின்நிலையம் செய்யும் உதவியை அவராலும் செய்ய முடியும். தமிழ்நாட்டின் மின்சாரச் சிக்கலுக்கு நம் கைக்கு மிக அருகில் இருக்கும் தீர்வு இதுவே. நாம் அதை இன்னும் முழுமையாகக் கையில் எடுக்கவில்லை.

நொடிதோறும் நேர்செய்ய வேண்டிய கணக்கு

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். மின்சாரத்தைக் கம்பியில் கொட்டி வைக்க முடியாது. உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக நிற்க வேண்டும். சமநிலை இருக்கிறதா என்பதைக் காட்டும் நாடித்துடிப்புதான் அலைவெண். இந்திய மின்தொகுப்பில் அது 50 ஹெர்ட்ஸ். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அதைக் காப்பது மின்சுமை மையப் பொறியாளர்களின் அன்றாடப் பணி. பயன்பாடு கூடினால் அலைவெண் இறங்கும்; உற்பத்தி கூடினால் ஏறும். எந்தப் பக்கம் எல்லை மீறினாலும் ஆபத்து. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்தியத் தொகுப்பு சரிந்து, இரண்டாம் நாளில் மட்டும் 60 கோடிப் பேருக்கு மேல் இருளில் தவித்ததை நாடு மறந்திருக்காது.

இந்தச் சமநிலையைக் காக்கும் பொறுப்பை இதுவரை உற்பத்தி நிலையங்களிடமே விட்டிருந்தோம். மக்கள் எப்போது சுவிட்சைப் போட்டாலும் அதற்கேற்ப அனல் மின்நிலையமும் நீர்மின் நிலையமும் ஏறி இறங்க வேண்டும் என்பதே வழக்கம். நுகர்வோருக்கும் இதில் ஒரு கை இருக்கிறது என்பதை 2020 ஏப்ரல் 5 காட்டியது. கொரோனா பொதுமுடக்கத்தின்போது அன்றிரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். நாட்டின் மின்தேவை சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. அந்தச் சரிவுக்கு ஈடுகொடுக்க நீர்மின் நிலையங்கள் மட்டுமே சுமார் 17,500 மெகாவாட் உற்பத்தியைக் குறைத்துப் பிறகு மீண்டும் உயர்த்தின. பொறியாளர்கள் முன்கூட்டியே திட்டமிட்டதால் மின்தொகுப்பு சரியவில்லை. அந்த நிகழ்வின் நோக்கம் வேறு. மின்துறைக்கு அது தந்த பாடமோ பெரியது: முன்கூட்டியே சொல்லி, எல்லோரும் ஒரு நேரத்தில் ஒன்றைச் செய்தால், மின்தொகுப்பையே அசைக்கும் வலிமை வீட்டு சுவிட்சுகளுக்கு உண்டு.

நண்பகலில் மிகுதி, மாலையில் தட்டுப்பாடு

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம் அது. அந்த எண்ணைக் கண்டதும் 'இன்னும் மின்நிலையம் வேண்டும்' என்று தோன்றுவது இயல்பு. ஆனால், இன்றைய சிக்கலில் அளவைப் போலவே நேரமும் முக்கியம்.

மாநிலத்தின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்திறனும் விரைந்து வளர்ந்து அதை நெருங்கி வந்திருக்கிறது. குடகு மலையில் மழையாகப் பொழிந்து ஒகேனக்கல்லுக்கு வெள்ளத்தை அனுப்பும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயையொட்டிய ஊர்களிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த மாதங்களில் சில வேளைகளில் வரும் மின்சாரத்தை முழுவதும் எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது மின்சந்தையில் விலை இறங்குகிறது. மாலை ஆறு மணிக்குச் சூரியன் விடைபெற்றதும் காட்சி மாறிவிடுகிறது. விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, கிரைண்டர், ஏசி எல்லாம் ஒருசேர ஓடத் தொடங்க, சந்தையில் ஒரு யூனிட் உச்சவரம்பான ரூ.10-ஐத் தொடும் நாள்கள் வருகின்றன. பகலில் மலிவாகக் கிடைத்ததை வேண்டாமென்று தள்ளிவிட்டு, மாலையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்த நட்டம் மின்வாரியத்தின் கடனாக வளர்ந்து, கட்டண உயர்வாக நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

நேரத்துக்கு ஒரு விலை என்பது நமக்குப் புதிதும் அன்று. உயரழுத்த இணைப்புள்ள ஆலைகள் காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரவு 10 முதல் அதிகாலை 5 வரை 5 சதவீதச் சலுகை உண்டு என்கிறது 2022-ஆம் ஆண்டுக் கட்டண ஆணை. இந்த அட்டவணை நிலக்கரிக் காலத்தின் கணக்கு. இரவில் தேவை குறைந்தாலும் அனல் மின்நிலையத்தை அணைக்க முடியாது என்பதால் இரவுக்குச் சலுகை தந்தார்கள். இன்று மிகுதி நண்பகலுக்கு மாறிவிட்டது. இதை உணர்ந்தே மத்திய அரசு 2023 ஜூனில் மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய ஒளி நேரமாக வரையறுக்கப்படும் எட்டு மணி நேரத்துக்கு, வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாக மின்சாரம் தர வேண்டும் என்று அத்திருத்தம் கூறுகிறது. விவசாயம் நீங்கலாக மற்ற நுகர்வோருக்கு 2025 ஏப்ரலுக்குள் இது வர வேண்டும் என்பதும் அதில் உண்டு. விதி இருக்கிறது. அது மக்கள் கையில் பலனாக வந்து சேரும் வழியைத்தான் அமைக்க வேண்டும்.

தொட்டியில் சேமிக்கும் மின்சாரம்

மின்சாரத்தைச் சேமிக்க பேட்டரி வேண்டும் என்கிறோம். நம்மிடம் ஏற்கெனவே ஊருக்கு ஊர் ஒரு சேமிப்பு இருக்கிறது: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி.

கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களின் இறுதியில் இருந்தே 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் உள்ளது. மின்சாரம் மிஞ்சும்போது கீழணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அது. குடிநீர்த் திட்டத்தில் இதன் முதல் பாதி மட்டும் போதும். மின்சாரம் மிஞ்சும்போது ஏற்று. தட்டுப்படும்போது மோட்டாரை நிறுத்தி, தொட்டியில் இருப்பதை ஊருக்கு விடு. தண்ணீர் எப்படியும் மேலே போயாக வேண்டும். அது பிற்பகல் இரண்டு மணிக்குப் போனால் என்ன, இரவு எட்டு மணிக்குப் போனால் என்ன? குடிக்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. மின்தொகுப்புக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயர்த்த, மோட்டாரிலும் பம்பிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்து, சுமார் 0.4 யூனிட் வேண்டும். ஓசூர் உயரத்துக்குப் போகும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டரும் இரண்டு யூனிட்டுக்கு மேல் விழுங்கிவிடும். சராசரி உயரம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் யூனிட்டை நெருங்கும். இடைவிடாமல் ஆறு மெகாவாட் ஓடுவதற்குச் சமம். மாநில உச்சத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவே. ஆனால், தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இருக்கின்றன. சென்னையில் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளையும், நகரங்களின் கழிவுநீரேற்று நிலையங்களையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்கலாம். எல்லாம் சேரும்போது அது ஒரு மின்நிலையத்தின் அளவுக்கு வளரும்.

இதில் ஒரு தடை உண்டு. அதை மறைக்கக் கூடாது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடும் கணக்கில்தான் வழக்கமாக வடிவமைக்கப்படுகின்றன. குழாயின் விட்டமும் பம்பின் திறனும் அதற்கேற்பவே இருக்கும். திடீரென்று 'எட்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்று' என்றால் முடியாது. மாலை நான்கு மணி நேரம் மட்டும் நிறுத்துவது எட்டக்கூடிய இலக்கு. நாள் முழுவதும் ஓடும் ஒரு திட்டம் நான்கு மணி நேரம் நிற்க வேண்டுமானால், ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் ஏற்றுத்திறனும், ஆறில் ஒரு பங்கு நீரைத் தாங்கும் சேமிப்பும் வேண்டும். 12 கோடி லிட்டரில் ஆறில் ஒரு பங்கு இரண்டு கோடி லிட்டர். ஆயிரம் ஊர்களில் தலா 20,000 லிட்டர் கூடுதல் சேமிப்பு இருந்தால் கணக்கு நேராகிவிடும்.

ஒகேனக்கல் திட்டத்தின் இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டிருக்கும் இந்த நேரத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளம் தோண்டிக் குழாய் பதித்த பிறகு விட்டத்தை மாற்ற முடியாது. வரைபட மேசையில் இருக்கும்போதே 'மாலை ஆறு முதல் பத்து வரை மோட்டார் நின்றாலும் எந்த ஊர்க் குழாயும் வறளக் கூடாது' என்பதை வடிவமைப்பின் நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். கூடுதலாக ஆகும் செலவையும், அடுத்த முப்பது ஆண்டுகளில் மின்கட்டணத்தில் மிஞ்சுவதையும் அருகருகே வைத்துக் குடிநீர் வடிகால் வாரியமும் மின்பகிர்மானக் கழகமும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடட்டும். ஊராட்சிகளில் நாள்தோறும் வால்வைத் திறந்து மூடும் டேங்க் ஆபரேட்டர்களுக்கும் இதில் பங்குண்டு. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் தேவை என்பதை அவர்களைவிட அறிந்தவர் யாருமில்லை. ஊராட்சியின் சொந்த ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை முற்பகலிலேயே ஓட்டித் தொட்டியை நிரப்பும் வழக்கத்தை அவர்கள் நாளையே தொடங்கிவிடலாம்.

வயலுக்குப் பகல் மின்சாரம்

நேரம் மாறினால் மிகப் பெரிய பலன் வயலில் கிடைக்கும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சுமார் 3.7 கிலோவாட். பத்து லட்சம் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடினால் 3,700 மெகாவாட். காடம்பாறையைப் போல ஒன்பது நிலையங்கள் தரும் அளவு. இந்தச் சுமையைச் சூரியன் காயும் பொழுதுக்கு நகர்த்தினால் மின்வாரியத்தின் பாரம் எவ்வளவு குறையும்!

விவசாயிக்கும் இதுவே நன்மை. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து நள்ளிரவில் டார்ச் விளக்கோடு கிணற்றடிக்குப் போகும் பாடு பென்னாகரம், பாலக்கோடு வட்டாரத்தினருக்குப் பழகிப்போன ஒன்று. பாம்புக்கடி ஒரு பக்கம். காட்டோரக் கொல்லைகளில் யானை நடமாட்டம் இன்னொரு பக்கம். வீட்டில் இருந்தபடியே மோட்டாரை ஓட்ட ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திக்கொள்கிறார்கள். மின்சாரம் வந்த நொடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் எல்லா மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்ப, மின்னழுத்தம் சரிந்து, மோட்டாரின் காயில் எரிகிறது. சில வேளை டிரான்ஸ்ஃபார்மரே போய்விடுகிறது. உறுதியான பகல் மின்சாரம் கிடைத்தால் இந்த அவசரமே இருக்காது. மோட்டார்கள் சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்பும்படி ஸ்டார்ட்டரில் நேரம் வைத்துக்கொண்டால் அழுத்தமும் நிலைக்கும்.

மற்ற மாநிலங்கள் இந்த வழியில் நடந்துவிட்டன. குஜராத் 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வீட்டு மின்தடத்தையும் வயல் மின்தடத்தையும் பிரித்தது. மகாராஷ்டிரம் வயல் மின்தடங்களுக்கெனவே சூரிய மின்நிலையங்களை அமைத்துப் பகலில் மின்சாரம் தருகிறது. கர்நாடகமும் பம்புசெட் சுமையைப் பகலுக்கு மாற்றிச் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. இங்கே விவசாயிகள் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: நேரம் மாற்றுகிறோம் என்று தொடங்கி மீட்டர் வைத்து இலவச மின்சாரத்தைப் பறித்துவிடுவார்களோ? அந்த அச்சத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. தனித் தடம் அமைத்தால் கிணற்றுக்குக் கிணறு மீட்டர் இல்லாமலே நேரத்தை மாற்றலாம். அரசு இதை எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். கூடவே, பகலில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக நிலத்தடி நீரை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடவும் கூடாது. ஏற்கெனவே வறண்ட தருமபுரியில் சொட்டுநீர்ப் பாசனமும் பகல் மின்சாரமும் கைகோத்தே வர வேண்டும்.

ஆலையிலும் வீட்டிலும்

கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் சுறுசுறுப்பாக இயங்கும் பருவத்தில்தான் காற்றாலைகளும் வேகம் கொள்கின்றன. குளிர்பதனக் கிடங்குகள் பிற்பகலில் ஒன்றிரண்டு பாகை கூடுதலாகக் குளிர்வித்துக்கொண்டு மாலையில் கம்ப்ரசரை ஓய்வாக வைக்கலாம், சரக்கு கெடாது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்ஸ்கூட்டர்கள் நாடெங்கும் ஓடுகின்றன. அவற்றை வீடு திரும்பிய ஏழு மணிக்கே சார்ஜில் போடாமல், அலுவலகத்தில் பகலிலோ பத்து மணிக்கு மேலோ போட்டால் போதும்.

வீட்டைப் பொறுத்தவரை, எத்தனை யூனிட் ஓடியது என்பதில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மிகவும் கவனமானவை. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் தாண்டிவிடக் கூடாதே என்று மீட்டரை எட்டிப் பார்க்காத வீடு குறைவு. எப்போது ஓடியது என்பதைச் சொல்லும் மீட்டர்தான் பெரும்பாலான வீடுகளில் இல்லை. சென்னை தியாகராய நகரில் ஸ்மார்ட் மீட்டர் முன்னோட்டமாகப் பொருத்தப்பட்டது. மாநில அளவிலான ஒப்பந்தப்புள்ளி 2024 இறுதியில் ரத்தானது. மீட்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, மாவரைப்பது, துணி துவைப்பது, இஸ்திரி போடுவது ஆகியவற்றை, முடிந்தவர்கள் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். பத்து லட்சம் வீடுகள் மாலையில் தலா ஒரு கிலோவாட்டைத் தள்ளிப் போட்டால் ஆயிரம் மெகாவாட். ஒரு புது அனல் மின்நிலையம் கட்டி முடிக்கும் காலத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

வெட்டு வேறு, ஒத்துழைப்பு வேறு

மின்தேவையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றதும் 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலம் தமிழர்களின் நினைவுக்கு வருவது நியாயமே. ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு, ஊர்ப்புறங்களில் பாதி நாளுக்கு மேல் இருட்டு என்று அந்த ஆண்டுகள் கழிந்தன. தேர்வுக்குப் படித்த பிள்ளைகளும், விசைத்தறியை நம்பிய குடும்பங்களும் பட்ட காயம் அது. ஆலைகள் மீதான கட்டுப்பாடு 2015-இல்தான் நீங்கியது. இப்போது நான் வலியுறுத்துவது அதற்கு நேரெதிரானது. மின்வெட்டில் நுகர்வோருக்குத் தேர்வு இல்லை, ஈடும் இல்லை. இங்கே முன்னறிவிப்பு உண்டு, விருப்பம் உண்டு, பங்கேற்றவருக்குப் பணமும் உண்டு.

பிரிட்டனில் 2022–23 குளிர்காலத்தில் இப்படியொரு திட்டத்தை நடத்தினார்கள். குறித்த மணி நேரத்தில் பயன்பாட்டைக் குறைப்பவருக்குப் பணம் என்று அறிவித்ததும் 16 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் சேர்ந்தன. 3,300 மெகாவாட் மணி மின்சாரம் மிச்சமானது. கலிஃபோர்னியாவில் 2022 செப்டம்பர் 6 வெப்ப அலையின்போது கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போனது. சில நிமிடங்களில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கி மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. கேட்கும் விதத்தில் கேட்டால் மக்கள் கைகொடுப்பார்கள்.

நம் ஊரில் இதுவரை கேட்ட விதம் தண்டனையின் மொழியில் இருந்தது. உச்சநேரக் கட்டணம் சிறுதொழில்களுக்கும் நீட்டிக்கப்பட்டபோது, 2023-இல் அவர்கள் ஆலைகளை மூடிப் போராடியதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை காலை ஏழரைக்கு ஆர்டரை முடிக்காமல் எப்போது முடிக்கும்? நேரத்தை மாற்ற வழியில்லாதவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதால் மின்தொகுப்புக்கு எந்த நன்மையும் இல்லை. மாற்ற முடிந்தவருக்குச் சலுகை, முடியாதவருக்குப் பாதுகாப்பு என்பதே அறம். ஒற்றை அறை வீட்டில் மாலையில் ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் போட்டிருப்பவரிடமிருந்து எதையும் கேட்கக் கூடாது. நான்கு ஏசி ஓடும் வீட்டிலிருந்தும், வணிக வளாகத்திலிருந்தும், அரசின் சொந்த மோட்டார்களிலிருந்தும்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே, செய்ய வேண்டியவை இவை. ஒகேனக்கல் இரண்டாம் கட்டத்தை மாலை நான்கு மணி நேரம் ஓய்வெடுக்கும்படி வடிவமைக்க வேண்டும். முதல் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த முடியும் என்று சோதித்து முடிவை வெளியிட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல் தடங்களைப் பிரித்து உறுதியான பகல் மின்சாரம் தர வேண்டும். ஒழுங்குமுறை ஆணையம் நண்பகல் சலுகையைச் சிறு நுகர்வோர் வரை கொண்டுவர வேண்டும். பகிர்மானக் கழகம் ஆலைகளோடும் கிடங்குகளோடும் விருப்ப ஒப்பந்தம் செய்து, குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் அடுத்த பில்லிலேயே பணம் கழிக்க வேண்டும். மாலையில் சந்தையில் பத்து ரூபாய் கொடுத்து வாங்கும் யூனிட்டை, நம் மாநிலத்து நுகர்வோரே ஐந்து ரூபாய்க்கு விட்டுக்கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்வதில் என்ன தயக்கம்? அந்த ஐந்து ரூபாய் தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கும் தொழில்களுக்கும் குடும்பங்களுக்கும் போகட்டும். மின்சாரத்துக்கு விலை கொடுக்கும் மக்களை, மின்தொகுப்பைத் தாங்கும் பங்காளிகளாக மதிக்கும் மாநிலமே வரும் கோடைகளைத் துணிவோடு எதிர்கொள்ளும்.